ஓலையும் கோப்பும்

மதுராந்தகத்திற்கு அண்மையில் வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் உளது. மழை பெய்து ஏரி நிறைந்ததும், நத்தைக்குத்தி நாரையும் பாம்புத்தாராவும் கரண்டிவாயனும் கூட்டங் கூட்டமாக வந்து, நீரிடை நிற்கும் மரங்களில் கூடு கட்டும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்லுரம் ஆவதை அவ்வூர் உழவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் சிலர் அங்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் வாளா இருந்தாரல்லர். அந்நாளில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பாரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திற் பெற்றனர். அத்தகைய ஆவணத்தைக் கௌல் என்பது அக்கால வழக்கு. 'இனிச் சுடமாட்டார்கள், போய் வாருங்கள்' என்னும் வாய்ச்சொல் அவர்களுக்குப் போதவில்லை, எழுத்தே வேண்டினர். அதனினும் சிறந்த செயல் ஒன்றை அவர்களுடைய வழித்தோன்றல்கள் செய்தனர். 1858ஆம் ஆண்டில், அப்போதிருந்த கலெக்டரிடம் சென்று அவ்வுரிமையைப் புதுப்பித்துக் கொண்டனர்.

எழுதி வைப்பது ஒரு செயல். எழுதியது அழியாமற் காப்பது மற்றொரு செயல். இவ்விரண்டும் வேறு வேறு என்பதை வேடந்தாங்கல் மக்கள் உணர்ந்திருந்தனர். கையடக்கக் கருவியில் நாள்தோறும் ஏதேனும் ஒன்றைக் குறித்துக்கொள்ளும் இக்காலத்தார் பலர் அதனை உணர்ந்திலர் என்றே சொல்லவேண்டும்.

அதே ஏரிக்கரையில் இன்று மாணவி ஒருத்தி நின்று பறவைகளை எண்ணுவதாகக் கொள்ளலாம். வாரந்தோறும் எந்தப் பறவை வந்தது, எந்தக் கூட்டில் குஞ்சு பொரித்தது என்று தன் கைபேசியில் எழுதுகிறாள். வீட்டிற்கு வந்ததும் தன் பாட்டியின் அருகில் அமர்ந்து, ஊரின் மதகுகளுக்கு வழங்கிய பெயர்கள் யாவை, எந்தக் கால்வாய் எந்த வயலுக்குப் பாய்ந்தது, எந்தத் தழையை எந்த நோய்க்கு அரைத்தார்கள் என்று கேட்டு, அவற்றையும் எழுதுகிறாள். மூன்று ஆண்டுகள் செல்கின்றன. பாட்டி காலமாகிவிட்டார். ஒரு நாள் கைபேசி நீரில் விழுகிறது. அல்லது, அவள் எழுதி வந்த செயலி இனி இயங்காது என ஓர் அறிவிப்பு வருகிறது. பறவைகளை அடுத்த கார்காலத்தில் மீண்டும் எண்ணலாம். பாட்டியிடம் மீண்டும் கேட்க இயலுமா?

இவ்விழப்பைத் தவிர்க்கும் வழி அரியதன்று. பொருட்செலவு மிக்கதும் அன்று. குறிப்புகளை எளிய உரைக்கோப்பாக எழுதுதல் வேண்டும். அக்கோப்பு ஒன்றிற்கு மேற்பட்ட இடங்களில் இருத்தல் வேண்டும். புதுமை போலத் தோன்றும் இம்முறையின் பயனைச் செங்கற்பட்டு நாட்டின் பழைய கணக்கர்களே காட்டிச் சென்றுள்ளனர்.

செங்கற்பட்டுச் சீமை 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு ஜாகீராகக் கிடைத்தது. பின்னர், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளர் அச்சீமையை ஊர் ஊராக அளந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களைப் பற்றிய செய்திகள் திரட்டப்பட்டன. ஊர்க் கணக்கப்பிள்ளைகள் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதி வைத்த கணக்குகளே அவற்றிற்கு அடிப்படை. ஓர் ஊரில் வீடுகள் எத்தனை, யார் யார் என்ன தொழில் செய்தனர், ஏரியும் குளமும் தோப்பும் நன்செயும் புன்செயும் எவ்வளவு, அறுவடையில் கொல்லனுக்கும் தச்சனுக்கும் வண்ணாருக்கும் கோயிலுக்கும் உரிய பங்கு எவ்வளவு என்பனவெல்லாம் அவ்வோலைகளில் உள்ளன. அவற்றின் சுருக்கம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுச் சென்னை ஆவணக் காப்பகத்தில் தங்கிற்று. மூல ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மாமல்லபுரத்துக் கடற்கரைப் பக்கத்துத் திருப்போரூரும், செங்கற்பட்டை அடுத்த வடக்குப்பட்டும் ஆகிய இரண்டு ஊர்களின் ஓலைக்கணக்குகள் 2001இல் அச்சிலும் வந்தன.

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஓலையை இன்று படிக்க எவ்வாறு இயன்றது? அக்கணக்கப்பிள்ளைக்கு அதற்கெனத் தனிக் கருவி ஒன்றை விற்றவர் எவரும் இலர். ஓலையைத் திறக்க யாருடைய ஒப்புதலும் வேண்டுவதில்லை. பழைய எழுத்தும், தமிழ் எண்ணும், அளவைக் குறிகளும் அறிந்த எவரும் படிக்கலாம். எழுத்தைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. இதுவே முதற் காரணம். அதே செய்தியின் சுருக்கம் வேறோர் ஊரில், வேறொரு மொழியில், வேறொருவர் காப்பில் இருந்தது இரண்டாவது காரணம். ஒன்று செல்லரித்துப்போன இடத்தில் மற்றொன்று துணை நிற்கிறது.

எளிய உரைக்கோப்பு என்பது இவ்வோலையை ஒத்தது. கணிப்பொறியில் ஓர் எழுத்து என்பது உண்மையில் ஓர் எண். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் வகுத்துள்ள முறைக்கு ஒருங்குறி என்று பெயர். அதில் 'அ' என்னும் எழுத்துக்குரிய எண் 2949; 'க' என்னும் எழுத்துக்குரியது 2965. 'தமிழ்' என்று எழுதினால், கோப்பில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து எண்கள் நிரலே நிற்கும். ஒவ்வோர் எண்ணும் இன்று பெருவழக்காக உள்ள குறிமுறையில் மூன்று பைட்டு இடம் கொள்ளும். ஆகவே 'தமிழ்' என்னும் சொல்லுக்குப் பதினைந்து பைட்டு போதும். எளிய உரைக்கோப்பில் இவ்வெண்களைத் தவிர வேறொன்றும் இராது. எழுத்தின் நிறம், பருமன், பக்கத்தின் ஓரம், அழகுக் கோடுகள் ஆகியவற்றைக் குறிக்கும் மறைகுறிகள் அதில் இல்லை. அதனால், எந்த நிறுவனம் ஆக்கிய கருவியானாலும், விலை குறைந்ததாயினும் உயர்ந்ததாயினும், அதனைத் திறந்து காட்டும். ஒரு மாணவி மூன்று ஆண்டுகள் எழுதிய குறிப்பு முழுவதும், அவள் ஒரு நாள் எடுக்கும் நிழற்படம் ஒன்றின் அளவைக்கூட எட்டுவது அரிது.

எழுத்து மட்டும் இருந்தாற் போதாது, அதனைப் படிக்கும் திறவுகோலும் எல்லார்க்கும் பொதுவாக இருத்தல் வேண்டும் என்பதைத் தமிழர் பட்டறிந்தனர். 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பல தோன்றின. ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண் இட்டது. ஓர் எழுத்துருவில் ஓர் எழுத்துக்கு உரிய எண், பிறிதோர் எழுத்துருவில் வேறோர் எழுத்துக்கு உரியதாயிற்று. ஆகவே, மதுராந்தகத்தில் ஒருவர் தட்டெழுதிய கடிதத்தைச் சென்னையில் ஒருவர் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே திரையை நிறைத்தன. உரிய எழுத்துருவையும் உடன் அனுப்பினாலன்றி அதனைப் படிக்க முடியவில்லை. 1999இல் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என இரண்டு தரங்களை வகுத்தது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், 2010இல்தான் அரசு அதனைத் தன் தரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட கதைகளும் கடிதங்களும் கணக்குகளும் எத்தனை, படிப்பாரின்றிப் பழைய தட்டுகளில் உறங்குகின்றனவோ!

அழிவினின்று தப்பியவையும் உள. பழந்தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றும் பொருட்டு 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. உலகின் பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியம் வேண்டாமல் நூல்களைத் தட்டெழுதினர். தொடக்கத்தில் அவையும் பழைய குறியேற்றங்களில் இருந்தவையே. ஆயினும் அவை எளிய உரையாக இருந்தமையால், எழுத்துக்கு எழுத்து எண்ணை மாற்றி ஒருங்குறிக்குக் கொணர்வது எளிதாயிற்று. ஓலை செல்லரிக்கும் முன் அதனைப் புத்தோலையில் படியெடுத்த பழையோர் செயலுக்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியன்று.

செயலிகளை நம்பி எழுதுவோர் ஒரு வினா எழுப்பக்கூடும்: 'பெரிய நிறுவனம் காக்கும் குறிப்பு எவ்வாறு அழியும்?' என்பர். கூகுள் நிறுவனம் 2006இல் நோட்புக் என்னும் குறிப்பேட்டுச் சேவையைத் தொடங்கிற்று. 2012இல் அதனை மூடிவிட்டது. அந்நிறுவனம் பயனாளர் எழுதியவற்றை வேறொரு சேவைக்கு மாற்றிக் கொடுத்தது. அது முறையான செயல். எல்லா நிறுவனங்களும் அவ்வாறே செய்யும் என்பதற்கு யார் பிணை? கடை மூடப்படுவது வணிகத்தில் இயல்பு. அதனைக் குற்றம் எனல் ஆகாது. தன் வீட்டுப் பத்திரத்தை அக்கடைப் பெட்டியிலேயே வைத்து, படி ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் இருந்தவனே தன்னை நொந்துகொள்ளுதல் வேண்டும்.

இனி, ஒன்றிற்கு மேற்பட்ட இடத்தில் வைப்பதைப் பற்றிக் காணலாம். கைபேசியில் எழுதியது வீட்டிலுள்ள கணிப்பொறியிலும், அங்கே திருத்தியது கைபேசியிலும் தாமே போய்ச் சேருமாறு செய்யலாம். இதனை ஒத்திசைவு என்பர். கோப்பு முழுவதையும் ஒவ்வொரு முறையும் அனுப்பினால் காலமும் பொருளும் வீணாகும். 1996இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பார் ஆர்சிங்க் என்னும் மென்பொருளை வெளியிட்டு இதற்கு ஒரு வழி காட்டினார். கோப்பைச் சிறு சிறு துண்டுகளாகக் கொண்டு, ஒவ்வொரு துண்டிற்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்த எண் ஒன்றை அடையாளமாகக் கொள்வது அவர் முறை. இரு கருவிகளும் அவ்வடையாள எண்களை ஒப்பிட்டு, வேறுபட்ட துண்டை மட்டும் அனுப்பிக்கொள்ளும். இணைப்பு மெலிந்த சிற்றூர்களில் இதன் அருமை நன்கு விளங்கும். 2013இல் வெளிவந்த சிங்திங் போன்ற இலவச மென்பொருள்கள், இடையில் எந்த நிறுவனத்தின் கிடங்கிலும் வையாமல், ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்கே கோப்பைச் சேர்ப்பிக்கின்றன.

ஈண்டு ஒரு சிக்கல் எழுவதுண்டு. மாணவி ஏரிக்கரையில் இணைப்பின்றி இருக்கும்போது கைபேசியில் ஒரு வரியைத் திருத்துகிறாள். அதே நேரத்தில் அவள் தம்பி வீட்டுக் கணிப்பொறியில் அதே வரியை வேறு விதமாகத் திருத்திவிடுகிறான். இரண்டில் எது சரி? கருவிக்கு அது தெரியாது. தமிழ்ப் புலவர்க்கு இச்சிக்கல் புதிதன்று. அவர்கள் இதனைப் பாடபேதம் என்றனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தபோது, ஊர் ஊராகச் சென்று ஏட்டுப்பிரதிகளைத் தேடிக் கொணர்ந்து ஒன்றோடொன்று ஒப்பு நோக்கினார். ஒரு பிரதியில் ஒரு சொல்லும் மற்றொரு பிரதியில் வேறு சொல்லும் இருந்தால், பொருந்தியது ஒன்றைக் கொண்டு, மற்றையதை எறிந்துவிடவில்லை. அதனையும் குறித்து வைத்தார். பின்வரும் புலவன் ஒருவன் அவ்வெறிந்த சொல்லே மெய்யென்று காணக்கூடும் அன்றோ? நல்ல ஒத்திசைவு மென்பொருளும் இவ்வாறே செய்கிறது. முரண்பட்ட இரண்டு படிகளையும் அழியாமல் வைத்து, ஒன்றிற்கு வேறு பெயரிட்டு, உரியவரே பார்த்து முடிவு செய்யுமாறு விட்டுவிடுகிறது. கடைசியாக எழுதியதே செல்லும் என்று முன்னையதைச் சொல்லாமற் கொள்ளாமல் துடைத்துவிடும் முறைகளும் உள்ளன, அவை விலக்கத்தக்கவை. எளிய உரையில் வேறுபாட்டை வரி வரியாக ஒப்பிட்டுக் காணலாம் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. மறைகுறிகள் நிறைந்த கோப்பில் அது கடினம்.

ஒத்திசைவு ஒன்றே காப்பு என்று எண்ணிவிடுவோர் மிகப் பலர். அது பெரும் பிழை. ஒத்திசைவு நன்மையையும் கொண்டு செல்லும். தீமையையும் அதே விரைவில் கொண்டு செல்லும். கைபேசியில் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், கணிப்பொறியிலும் அது அழியும். இரண்டு ஏரிகளை ஒரு கால்வாயால் இணைத்தால், ஒன்றில் கலந்த நஞ்சு மற்றொன்றையும் சேரும் என்பதை மதுராந்தகத்து உழவருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலால், கால்வாய் இணைப்பில்லாத படி ஒன்று தனியே இருத்தல் வேண்டும். மாதம் ஒரு முறை சிறு நினைவுக்கோலில் எல்லாவற்றையும் படியெடுத்து, கருவியினின்று கழற்றி வைத்துவிட வேண்டும்.

அதனையும் அதே வீட்டில் வைத்தால் பயன் குறைவே. மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டன் குடைவரை உளது. பல்லவ மன்னன் ஒருவன் ஒரே வடமொழிச் செய்யுட்களை அங்கே இரண்டு முறை வெட்டுவித்தான். தென்புறத்துச் சுவரில் கிரந்த எழுத்தில், வடபுறத்துச் சுவரில் நாகரி எழுத்தில். ஓரெழுத்து அறியாதவன் மற்றோரெழுத்திற் படிக்கலாம் என்பது கருத்துப் போலும். ஆயினும் இரண்டு படிகளும் ஒரே பாறையில் உள்ளன. பாறை தகர்ந்தால் இரண்டும் போகும். பாறைக்கு அந்த அச்சம் குறைவு, வீட்டிற்கு மிகுதி. 2015ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையையும், செங்கற்பட்டு அந்நாளில் அடங்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தையும் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, எத்தனையோ குடும்பங்கள் பள்ளிச் சான்றிதழ்களையும் வீட்டுப் பத்திரங்களையும் இழந்தன. அரசு தனி முகாம்கள் நடத்தி அவற்றிற்கு மாற்றுப் படிகள் வழங்கிற்று. வழங்க முடிந்ததற்குக் காரணம், அவற்றின் பதிவு வேறோர் இடத்திலும் இருந்தமையே. நாட்குறிப்புக்கும், பாட்டி சொன்ன பேச்சுக்கும் எந்த அலுவலகத்தில் பதிவு உண்டு? அத்தை வீட்டில் ஒரு நினைவுக்கோல் இருக்கட்டும். தோழியின் கணிப்பொறியில் ஒரு படி இருக்கட்டும்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. அவற்றை மறைத்தல் நேர்மையன்று. எளிய உரையில் பறவையின் படத்தை வைக்க இயலாது. கணக்குப் பாடத்தின் வடிவங்களை வரைய இயலாது. அவற்றைத் தனிக் கோப்பாக வைத்து, அதன் பெயரைக் குறிப்பில் எழுதிவிடலாம், சிறிது தொல்லைதான். பூட்டில்லாத ஓலைபோல, கருவி கையில் அகப்பட்ட எவரும் படித்துவிடலாம் என்பது மற்றொரு குறை. ஆகவே, கடவுச்சொல்லையும் வங்கி எண்ணையும் இத்தகைய கோப்பில் எழுதலாகாது. தாளில் கையால் எழுதுவதே மனத்தில் தங்கும் என்பாரும் உளர். அவர்கள் கூற்றை மறுக்க வேண்டுவதில்லை; தாளில் எழுதுவோர் தாளிலேயே எழுதுக. ஆனால் தாளுக்கும் இரண்டாவது படி வேண்டும்.

தொடங்க விரும்பும் மாணவர் புதிய மென்பொருள் எதையும் தேடி அலைய வேண்டா. குறிப்பெழுதும் எளிய கருவி பெரும்பாலான கணிப்பொறிகளில் முன்னரே இருக்கிறது. ஏட்டின் ஒவ்வோர் ஓலைக்கும் இடப்பக்க ஓரத்தில் எண் இட்டமை போல, ஒவ்வொரு கோப்பின் பெயரும் நாளில் தொடங்குதல் நலம். ஆண்டு முதலிலும், திங்கள் அடுத்தும், நாள் இறுதியிலுமாக 2025-12-14 என எழுதினால், கோப்புகள் தாமே காலமுறையில் வரிசையாக நிற்கும். பின்னர் 'வேடந்தாங்கல்' என்றோ 'மதகுப் பெயர்கள்' என்றோ பொருளைச் சேர்க்கலாம். முதல் வரியில் யார் சொன்னது, எங்கே சொன்னது என்பதை எழுதுக. பாட்டி ஒரு மதகின் பெயரை எவ்வாறு ஒலித்தாரோ அவ்வாறே எழுதுக. அது பிழை என்று பின்னர் தோன்றினால், அதனை அடித்துத் திருத்தாமல், திருத்தத்தை அடுத்த வரியில், அன்றைய நாளிட்டு எழுதிக்கொள்ளலாம்.